தண்ணி மாதிரி ஒரு கல்லு

ஒரு ஊர்ல ஒரு குட்டை இருந்துச்சு. ராஜா கிடையாது, மந்திரி கிடையாது, குட்டை மட்டும்தான். அந்தப் பையத் தொடாத பாப்பா, அத்தை துணியெல்லாம் மடிச்சு வெச்சாச்சு. இங்க வந்து படு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. மத்தியானம் தூங்கலைன்னா சாயந்திரம் நீ அழுவ, உங்கம்மா என்னைத்தான் சொல்லுவா. சன்னலச் சாத்திட்டேன். கண்ண மூடிக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுடும்.

“காலைல ஏன் அத்தே ஆயா கல்லுல சாணி பூசின?”

நேராக் கேட்டா சொல்ல வராது. கதைல வருதான்னு பாரு.

“ம்.”

அந்தக் குட்டை அப்படியொண்ணும் பெருசில்ல. ரெண்டு எருமை எறங்கினா தண்ணி கரையேறிடும். சுத்தியும் கோரை. ஒரு ஓரத்துல புங்க மரம், மரம் நெறைய காக்கா. மழை பெஞ்சா ரொம்பும். சித்திரையில நடுவுல ஒரு தொட்டியளவு தண்ணி நிக்கும், முழுசா காஞ்சு யாரும் பாத்ததில்ல. தண்ணிக்கு மேல எந்நேரமும் தட்டான். விர்ர்ர்னு இந்தப் பக்கம், விர்ர்ர்னு அந்தப் பக்கம்.

குட்டைய ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டுல மாதம்மான்னு ஒருத்தி.

“எங்க ஆயா பேரு.”

ஊருக்கு நாலு மாதம்மா இருப்பா. இவ ஒருத்தி. புருசன் சீக்கிரமே போயிட்டான். பெரிய பையன், நடுவுலவன், அப்புறம் ஒரு பொண்ணு, அப்புறம் கடைசிப் பையன். மாதம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. காலைல பாத்திரத்தத் தூக்கிட்டு குட்டைக்கு வந்தான்னா பாதி நேரம் தேய்ப்பா, பாதி நேரம் வெய்வா. யாரன்னு இல்ல, கண்ணுல படுற ஆளையெல்லாம். அந்தப் பொண்ணு பக்கத்துல ஒக்காந்து தட்டான் பாத்துட்டிருக்கும்.

அப்போ ஒரு நாள் பொண்ணு கேட்டுச்சு, குண்டா பறக்குறதும் ஈர்க்குச்சியாட்டம் பறக்குறதும் ஒண்ணா வேறயான்னு. மாதம்மா சொன்னா, ரெண்டும் பங்காளிங்க, ஆனா அடுப்பு தனித்தனின்னு. உக்காரும்போது பாரு, நாலு ரெக்கையையும் விரிச்சுப் போட்டு, இது எங்கப்பன் வீட்டு எடம்னு உக்காந்தா அது தட்டான். ரெக்கைய முதுகு மேல ஒண்ணா மடிச்சு வெச்சுகிட்டு, வந்த எடத்துல எதுக்கு வம்புன்னு உக்காந்தா அது ஊசித்தட்டான். ரெக்கை தெரியலையா, கண்ணப் பாரு. தட்டானுக்கு ரெண்டு கண்ணும் நடு மண்டையில வந்து ஒட்டிக்கும். ஊசிக்கு இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு, நடுவுல சந்து. அப்புறம் அவ வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களையெல்லாம் அப்படியே பிரிச்சுடுவா. உங்க பெரியப்பா தட்டான்டி, கட்டில் முழுக்கப் படுப்பாரு. உங்க சித்தி ஊசி, தண்ணி குடிக்கக்கூட வாயத் தொறக்க மாட்டா. இப்படி.

“நான் என்னது அத்தே?”

நீயா? காலையும் கையையும் விரிச்சுப் போட்டு என்னைக் கட்டில் ஓரத்துல தள்ளிட்டே. நீயே சொல்லு.

“தட்டான்.”

ம். அப்புறம் கேளு. மேல பறக்குறத எல்லாரும் பாக்குறாங்க. அது தண்ணிக்குள்ள இருந்த காலத்த யாரும் பாக்குறதில்ல. பறக்குறது கொஞ்ச நாள்தான். அதுக்கு முன்னாடி முழுக்க சேத்துல. சேத்து நெறத்துல, ஆறு காலோட, ரெக்கையில்லாம, பாத்தா எந்தத் தட்டானுக்கும் அது பிள்ளைன்னு சொல்ல மாட்ட. ஊசித்தட்டான் குஞ்சுக்கு வால்ல மூணு எல மாதிரி இருக்கும், மயில் தோகையாட்டம். பெரிய தட்டான் குஞ்சுக்கு அதெல்லாம் இல்ல. அது எப்படி மூச்சு விடும் தெரியுமா? பின்னாடியால.

“அய்ய.”

ஆமா. பின்னாடியால தண்ணிய இழுக்கும், விடும். யாராச்சும் தொரத்தினா அந்தத் தண்ணியையே புர்ர்ருனு பீச்சியடிச்சுட்டு முன்னாடி பாயும்.

“புர்ர்ர்.”

சிரிச்சா தூக்கம் போயிடும். அப்புறம் அதோட வாய். கீழ் உதட்ட கை மாதிரி மடிச்சு மூஞ்சிக்கு அடியில வெச்சிருக்கும். அசையாம கெடக்கும். கொசுப்புழு நெளிஞ்சு நெளிஞ்சு பக்கத்துல வரும். வரட்டும், வரட்டும்னு இருந்துட்டு சட்டுனு அந்த உதட்ட நீட்டிப் புடிச்சு உள்ள இழுத்துக்கும். கண் சிமிட்டுற நேரம். வளர வளர தோல் பத்தாது. சட்டை பத்தலைன்னா நீ கழட்டிப் போடுற இல்ல, அது மாதிரி தோலக் கழட்டும், மறுபடி வளரும், மறுபடி கழட்டும். கடைசியா ஒரு நாள் கோரையப் புடிச்சு மேல ஏறி, முதுகு வெடிச்சு, உள்ள இருந்து ஈரமா கசங்கின ரெக்கையோட தட்டான் வெளிய வரும். தோல் மட்டும் கோரையிலயே காலால புடிச்ச மேனிக்கு இருக்கும். அந்தப் பொண்ணு அந்தத் தோலையெல்லாம் பொறுக்கித் தாவணியில முடிஞ்சுக்கும். மாதம்மா அதுக்கும் வெய்வா. நல்ல துணியில பூச்சித் தோல் கட்டுறாளேன்னு.

முட்டை எப்படி வெக்கும்? கைய நீட்டு. உள்ளங்கை. இதான் தண்ணி. ஊசித்தட்டான் இப்படிக் கோரைத் தண்டப் புடிச்சு, தண்டக் கீறி, உள்ள சொருகி வெக்கும். தண்டு இல்லாம அதால முடியாது. மழைக்கு முன்னாடி காத்தோட கூட்டமா வருதே மஞ்சத் தட்டான், அது அப்படியில்ல. தண்ணி மேலயே தாழப் பறந்துட்டு, வால் நுனியால தொட்டுத் தொட்டு வெச்சுட்டுப் போகும். இப்படி. டிக். டிக். டிக்.

“கூசுது.”

கூசும். கைய மூடிக்கோ. இப்ப ‘ம்’ சொல்லு.

“ம்.”

அப்புறம் மாதம்மாவுக்கு ஒடம்பு முடியாம போச்சு. பொண்ணக் கட்டிக் குடுத்து அது வேற ஊர்ல இருந்துச்சு. பசங்க மூணு பேரும் பக்கத்துலயேதான். கெடந்தவ ஒரு நாள் எல்லாரையும் கூப்புட்டா. நகையப் பத்தியோ நெலத்தப் பத்தியோ சொல்லுவான்னு மருமகளுங்க எல்லாம் கிட்ட வந்து நின்னாங்க. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. “குட்டைய மூடாதீங்கடா.”

அப்போ பெரியவன் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணான். நடுவுலவன், நீ சும்மா இரும்மா, யாரு மூடப்போறான்னான். கடைசிப் பையன் காலப் புடிச்சிட்டு அழுதான்.

“கடைசிப் பையன்னா எங்கப்பா.”

உங்கப்பா பேரு முனிராஜ். இவன் கதைல வர்றவன். ‘ம்’ கொட்டு.

“ம்.”

ஐப்பசியில அவ போயிட்டா. அவளுக்குப் புடிச்ச எடம்னு குட்டைக் கரையிலயே பொதச்சாங்க. அதுவரைக்கும் சரி. அப்புறம் ஒரு மழை பெஞ்சு குட்டை ரொம்பினதும் பெரியவனுக்கு யோசனை வந்துச்சு. தண்ணி ஊறி ஊறி அம்மா மேல போகுதே, அம்மாவுக்கு ஈரம் ஆகாதே, காலெல்லாம் வலிக்கும்னு சொல்லுவாளேன்னான். அதனால குட்டைய மூடணும். நடுவுலவன் வீடு கட்டிக் குடுக்குற வேலை பாக்குறவன். எங்கயோ அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின மண்ணு நெறைய இருந்துச்சு. ஜேசிபி வந்துச்சு. கடகடகடன்னு மண்ணக் கொட்டுச்சு. வழியில புங்க மரம் நின்னுச்சு, ஜேசிபி திரும்ப எடமில்லைன்னு அதையும் சாய்ச்சாங்க. மடமடமடன்னு அதுவும் போச்சு. அப்புறம் இவ்வளவு எடம் சும்மா கெடக்குதேன்னு கடைசிப் பையன் அது மேல வீடு கட்டினான். யாரும் சத்தியத்த மீறல. அம்மா நனையக் கூடாதுன்னுதான் எல்லாம்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு கல்லு வெக்கணும்னு பெரியவன் சொன்னான். மூணு பேரும் சேந்து கல்லுப் பட்டறையில சொல்லி, கட்டில் அகலத்துக்கு ஒரு கருப்புக் கல்லு எடுத்தாங்க. பாலிஷ் போட்டுப் போட்டு, குனிஞ்சா நம்ம பல்லு தெரியும். தலைமாட்டுல அவ மூஞ்சியச் செதுக்கச் சொன்னாங்க. நல்ல போட்டோ ஒண்ணும் கெடைக்கல, ஆதார் கார்டுல இருக்கிறதத்தான் குடுத்தாங்க. அதுல அவ மொறைச்சிட்டிருப்பா.

“ஆயா கல்லுல மொறைக்குது.”

அதான் சொன்னேன்.

ஊசித்தட்டான் என்ன ஆச்சு? கோரை போன அன்னைக்கே அதுவும் போச்சு. தண்டு இல்லாம அது எங்க போய் வெக்கும்? அது கல்லப் பாத்து ஏமாறவும் ஏமாறாது. அதனால அத அப்புறம் யாரும் அந்த ஊர்ல பாக்கல. தண்ணிக்குள்ள இருந்த குஞ்சுங்க மண்ணுக்குக் கீழ போச்சு. கொசு மட்டும் தண்ணித் தொட்டியில, டயர்ல, பூச்சட்டித் தட்டுல எல்லாம் பெருகிச்சு. வீட்டுக்கு வீடு கொசுவர்த்தி வாங்கி வெச்சாங்க.

முழிச்சிருக்கியா?

“ம்.”

ஒரு வருசம் ஆச்சு. மொத தெவசம் வந்துச்சு. பொண்ணும் ஊர்ல இருந்து வந்துச்சு. கல்லுக்கு மாலை போட்டு, எல போட்டு, வடை, பாயசம், மாதம்மாவுக்குப் புடிச்ச கத்திரிக்காய்க் கொழம்பு எல்லாம் வெச்சாங்க. காக்கா வந்து வாய் வெச்சாதான் வீட்டுல இருக்கவங்க சாப்பிடலாம், தெரியும் இல்ல? பெரியவன் நின்னு கா, கான்னு கூப்புட்டான். வரல. நடுவுலவன் கூப்புட்டான். வரல. அப்புறம் கடைசிப் பையன் மொட்டைமாடிக்குப் போயி தொண்ட கிழியக் கூப்புட்டான். காக்கா எங்கருந்து வரும்? இருந்த மரத்தச் சாய்ச்சாச்சு. கொழம்பு ஆறிப் போச்சு. பிள்ளைங்க பசிக்குதுன்னு அழ ஆரம்பிச்சாச்சு. அம்மாவுக்கு நம்ம மேல ஏதோ கோவம்னு பெரிய மருமக முணுமுணுத்தா. பெரியவன் மூஞ்சி கறுத்துப் போச்சு.

அப்போ வந்துச்சு. மஞ்சத் தட்டான். எங்கருந்தோ, கடலத் தாண்டிக்கூட வரும்னு சொல்றாங்க, காத்தோட வந்துச்சு. வயிறு நெறைய முட்டை. அந்த முட்டையத் தண்ணியில வெக்கணும், அது ஒண்ணுக்காகத்தான் அது அவ்வளவு தூரம் வந்தது. கீழ பாத்துச்சு. கருப்பா, அகலமா, பளபளன்னு.

“கல்லு.”

நமக்குக் கல்லு. அதுக்கு அது தண்ணி. தட்டான் தண்ணிய மோந்து பாக்காது, நக்கிப் பாக்காது. தண்ணி மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்துக்கு ஒரு தினுசு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதோட கண்ணுக்குத் தெரியும். அத வெச்சுதான் தண்ணின்னு நம்பும். கருப்புக் கல்ல நல்லா பாலிஷ் போட்டா அதே தினுசு வெளிச்சம் வரும். தண்ணிய விட ஜாஸ்தியா வரும். நெசத் தண்ணி கொஞ்சம் கலங்கியிருக்கும், அலையடிக்கும். கல்லு எந்நேரமும் அசையாத தண்ணி. அதனால தாழ எறங்கி, வால் நுனியால, டிக், டிக், டிக்.

பெரியவன் பாத்துட்டு அப்படியே கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மாதான். காக்காவா வரல, தட்டானா வந்திருக்கா”ன்னான். கல்லத் தொட்டுத் தொட்டு ஆசீர்வாதம் பண்றான்னு பெரிய மருமக சொன்னா. கடைசிப் பையன் அழுதுட்டான். எல்லாரும் கற்பூரம் ஏத்திக் கும்பிட்டு, அப்பாடான்னு சாப்பிடப் போனாங்க.

பொண்ணு மட்டும் சாப்பிடல. கல்லுகிட்ட போயி வெரலால தடவிப் பாத்துச்சு. நறநறன்னு ஒட்டுச்சு. ரவையில பாதி கூட இருக்காது, மஞ்சமஞ்சளா. வெயில்ல கல்லு தோசக்கல்லாட்டம் காஞ்சு கெடக்கு. ஒரு தடவை தொட்டா எத்தனையோ முட்டை. எல்லாம் பாத்துட்டிருக்கும்போதே சுருங்குது. பொண்ணு போயி பெரியவன்கிட்ட வெரலக் காட்டி, அண்ணா இது முட்டைண்ணா, கல்லத் தண்ணின்னு நெனச்சு வெக்குதுண்ணான்னு சொல்லுச்சு. அவன் வெரலப் பாக்கல. இன்னைக்கு ஒரு நாள் எதுவும் பேசாத மஞ்சுன்னான்.

“மஞ்சு நீதான.”

மஞ்சுளாங்கிற பேரும் ஊருக்கு நாலு இருக்கும்.

“இல்ல. நீதான்.”

சரி. நான்தான். கண்ண மூடு, கண்ண மூடினா சொல்றேன்.

“ம்.”

அப்புறம் நான், அந்தப் பொண்ணு, என்ன பண்ணுச்சு? மொதல்ல அண்டாவுல தண்ணி ரொப்பிக் கல்லு பக்கத்துல வெச்சுச்சு. இதப் பாத்தாவது இதுல வெக்கட்டும்னு. தட்டான் வந்துச்சு. அண்டா மேல ஒரு சுத்து சுத்துச்சு. நெசத் தண்ணி. அப்புறம் அத விட்டுட்டுக் கல்லுக்கே போச்சு. டிக், டிக். அது ஒண்ணு இல்ல, அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு. அப்புறம் பெரிய மருமக வந்து, பாத்திரம் கழுவ அண்டா வேணும்னு தண்ணியக் கீழ ஊத்திட்டுத் தூக்கிட்டுப் போனா.

மறுநா மாதம்மாவோட பழைய சீலை ஒண்ணு பொட்டியில இருந்துச்சு. அரக்கு நெறம். அத எடுத்துக் கல்லு மேல போர்த்தி, நாலு மூலையிலயும் கல்லு வெச்சுச்சு. அப்புறம் அது மின்னவே இல்ல. தட்டான் மேலயே சுத்திட்டுப் போயிடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள சேதி ஊரு முழுக்கப் போயிருச்சு. மாதம்மா தட்டானா வந்து பசங்கள ஆசீர்வாதம் பண்ணான்னு. பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் பாக்க வந்தாங்க. சீலை போட்டா எப்படித் தெரியும்? நடுவுலவன் சீலைய உருவி மடிச்சு, வந்தவங்களுக்கு நாற்காலி போட்டான். தட்டானுங்க வந்துச்சு. எல்லாரும் போன்ல படம் புடிச்சாங்க.

“நானும் பாத்தேன். அப்பா தூக்கிக் காட்டினாரு. எனக்கு ஆயா டாட்டா காட்டுச்சு.”

காட்டியிருக்கும்.

அப்புறம் மூணாவது. இன்னைக்கு விடிஞ்சதும். அந்தப் பொண்ணு மாட்டுக் கொட்டாயில இருந்து சாணி எடுத்து, மண்ணு சேத்துக் கரைச்சு, வாசல் மெழுகுற மாதிரி கல்ல மெழுகுச்சு. மாதம்மா உயிரோட இருந்த வரைக்கும் தினம் அப்படித்தான் தன் வீட்ட மெழுகினா. சாணி மெழுகின தரையில படுத்தாதான் அவளுக்குத் தூக்கமே வரும். அதனால அந்தப் பொண்ணுக்கு அது தப்பாவே தோணல. கை வெச்சு வெச்சு, அரைவட்டம் அரைவட்டமா, சரக் சரக்னு. மூஞ்சிய மட்டும் விட்டுடுச்சு. செதுக்கின எடம் மின்னாது. அங்க ஒரு முட்டைகூட இல்ல. மூஞ்சியச் சுத்தி மட்டும் கைய மெதுவா வெச்சுச்சு.

வெயில் வந்துச்சு. தட்டானும் வந்துச்சு. கல்லுக்கு மேல வந்து நின்னுச்சு, ரெக்கை விர்ர்ர்ருங்குது, எடம் நகரல. எங்க போச்சு தண்ணின்னு பாக்குது. கொஞ்சம் எறங்குச்சு. மறுபடி ஏறுச்சு. அப்புறம் போயிருச்சு. மேற்கால. அந்தப் பக்கம் தண்ணி இருக்கோ இல்லையோ, தெரியாது. ஆனா கல்லுல வெக்கல. அதுக்குப் பின்னால வந்ததும் வெக்கல. அந்தப் பொண்ணு சாணிக் கையோட ஒக்காந்து பாத்துட்டே இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அதுக்குப் பசி எடுத்துச்சு.

அப்போ பெரிய மருமக கோலப்பொடியோட வந்தா. பாத்தா. ஓன்னு கத்தினா.

மூணு பேரும் ஓடி வந்தாங்க. அம்மா மூஞ்சில சாணி அடிச்சிட்டாளேன்னு நடுவுலவன் தலையில அடிச்சுகிட்டான். மூஞ்சில படலண்ணா, கிட்ட வந்து பாருன்னு அவ சொல்றா. யாரும் குனிஞ்சு பாக்கல. பெரியவன் கத்தல. மெதுவாத்தான் கேட்டான். “நீ அம்மாவுக்குப் பொண்ணா, தட்டானுக்குப் பொண்ணா?”

அதுக்கு அவ வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். தப்பாப் போச்சு, கழுவிடுறேன்னு சொல்லியிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு எல கெடைச்சிருக்கும். அவ சொன்னா: “குட்டைய மூடாதீங்கன்னு சொன்னாளேண்ணா. வேற ஒண்ணுமே கேக்கலையே அவ.”

அவ்வளவுதான்.

“அப்புறம் எங்கப்பா சொன்னாரு.”

என்ன சொன்னாரு?

“இனிமே இங்க வராதன்னு.”

ம்.

நீ எனக்கு ‘ம்’ கொட்டணும், நான் உனக்குக் கொட்டிட்டிருக்கேன்.

“அத்தே. மழை பெய்யுதா?”

இல்ல.

“சர்ர்ருனு சத்தம் கேக்குது.”

அது ஓஸு பைப்பு. உங்கப்பா கல்லக் கழுவுறாரு. உங்க பெரியப்பா தேங்காய் நாரால தேய்க்கிறாரு. சரக் சரக்னு கேக்குதா? அதான்.

“கழுவினா என்ன ஆகும்?”

மறுபடி மின்னும். ஈரத்தோட இன்னும் ஜாஸ்தி மின்னும்.

“அப்ப தட்டான் வருமா?”

வரும். காத்து இருக்கிற வரைக்கும் வரும்.

“ஆயாவா வருமா?”

உங்கப்பா அப்படித்தான சொன்னாரு.

“நீ சொல்லு.”

நான் சொன்னதெல்லாம் கதை. கதைல வர்றவளுக்கு வேற பேரு. நீ தூங்கு.

“நான் பெருசானதும் தினம் சாணி பூசுறேன் அத்தே. மூஞ்சிய விட்டுட்டு.”

வேணாம். அடி விழும். நீ பள்ளிக்கூடம் போ, சோறு சாப்புடு, கொசு கடிச்சா சொறியாத. போதும்.

“தட்டானுக்கு எங்க போறதுன்னு யாரு சொல்லுவாங்க?”

யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்குக் காது கேக்காது. கண்ணுதான் எல்லாம். தலை முழுக்கக் கண்ணு. அவ்வளவு கண்ண வெச்சுகிட்டுதான் அது கல்லுல போயி வெக்குது.

“ம்.”

கண்ண முழுசா மூடு. அந்தக் கையக் குடு. பஸ் ஆரன் அடிச்சா உனக்குக் கேக்காது, அத்தை மெதுவா எந்திரிச்சுப் போயிடுவேன். எந்திரிச்சதும் என்னைத் தேடாத. உங்கம்மா கேட்டா, அத்தை ஒண்ணும் சொல்லல, கதைதான் சொல்லுச்சுன்னு சொல்லு.

“ம்...”

என்ன பண்ற கையில? டிக், டிக்கா?

“டிக்.”

இது தண்ணி இல்ல கண்ணு. அத்தை கை.

“டிக்...”

சரி. வெச்சுக்கோ. குட்டைக்கு ஆன கதை இவ்வளவுதான், சொன்னவளுக்குப் பஸ் வருது, கேட்டவளுக்குத் தூக்கம் வருது. தூங்கு.